தாவணி, சுடிதார், ஜீன்ஸ்: வகுப்புக்கு எது "நல்ல டிரஸ்"?

பொண்ணுக்கு காலேஜ் அட்மிஷன் முடிந்தது. ஃபீஸ் கட்டிய ரசீதோடு ஒரு தாளும் கையில் கொடுத்தார்கள். "மாணவ மாணவியர் கவனத்திற்கு" என்று தலைப்பு. பையன்களுக்கு இரண்டு வரி: ஃபார்மல் பேன்ட், காலர் வைத்த சட்டை, இன் பண்ணி, ஷூ போட்டு வரவும். அவ்வளவுதான். பொண்ணுங்களுக்குத்தான் முக்கால் பக்கம். ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, லெக்கிங்ஸ் கூடாது, ஸ்லீவ்லெஸ் கூடாது. சுடிதார் அணியலாம், ஆனால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். கடைசி வரியில் "நமது பண்பாட்டிற்கு ஏற்ற கண்ணியமான உடை" என்று முடித்திருந்தார்கள்.

அந்தத் தாளை என் அக்காவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. அந்தச் சிரிப்புக்கும் அமைதிக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தவன், நூல் பிடித்துக்கொண்டே போய் ஒரு சின்ன சரித்திரப் பாடமே எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அக்கா கதை

1986. அக்கா மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நான் அப்போது டவுசரில் இருந்து பேன்ட்டுக்கு மாறிய பருவம். பம்பாயில் இருந்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது அக்காவுக்கு ஒரு சுடிதார் செட் வாங்கி வந்தார். வெளிர் நீலம், கழுத்தில் சின்னதாகப் பூ வேலை. எங்கள் தெருவில் அதுவரைக்கும் யாரும் சுடிதார் போட்டதில்லை. வயசுக்கு வந்த பொண்ணு என்றால் பாவாடை தாவணி, கல்யாணம் ஆனால் சேலை. வேறு எதுவும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினாள். வீட்டில் அம்மா ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள், ஒண்ணும் சொல்லவில்லை. மத்தியானம் பதினொரு மணிக்கே அக்கா திரும்பி வந்துவிட்டாள். கண் சிவந்து இருந்தது. வாசலிலேயே ஒரு லெக்சரர் நிறுத்தி, "இது என்ன வேஷம்? இது காலேஜா, சினிமா கொட்டகையா? நாளைக்கு ஒழுங்கா தாவணி கட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவளுக்கு பிராக்டிகல் டெஸ்ட். அதற்கு மார்க் பூஜ்யம். மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்கிற தைரியம் அவளுக்கும் இல்லை, எங்கள் அப்பாவுக்கும் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பத்தா ரவிக்கை போடாது. கடைசி வரைக்கும் போட்டதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வயசுக் கிழவிகள் பலரும் அப்படித்தான். சேலையை மாராப்பாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கிழவி அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னது:

"ஏத்தா, கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும் மூடித்தானே இருக்கு? இதுல என்ன கொறையக் கண்டாளாம் அந்த டீச்சரம்மா?"

அன்றைக்கு யாரும் அந்தக் கேள்வியைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு விவரம் தெரிந்து யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஜாக்கெட் எங்கிருந்து வந்தது?

அப்பத்தா ரவிக்கை போடாததை யாரும் அநாகரிகம் என்று சொன்னதில்லை. ஆனால் அதே காலத்தில் ரவிக்கை இல்லாமல் ஒரு பொண்ணு காலேஜ் வாசலில் நின்றிருந்தால்? யோசிக்கவே வேண்டாம். அப்படியென்றால் "கண்ணியம்" என்று நாம் சொல்வது ரொம்பப் பழசான விஷயம் இல்லை.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சரித்திரம் நன்றாகத் தெரியும். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், சாணார் என்று அப்போது அழைக்கப்பட்ட நாடார் பெண்கள், மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்று தடை இருந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட ஆரம்பித்தபோது அடிதடி, துணி கிழிப்பு, தீவைப்பு வரைக்கும் போனது. 1829-இல் மகாராணியின் அரசே ஒரு பிரகடனம் போட்டு, மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக் கூடாது என்றது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். கடைசியில் 1859 ஜூலையில், சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடிக்கும் பிறகு, மேலாடை போடலாம் என்று உத்தரவு வந்தது. அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள்: போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது!

கவனித்துப் பாருங்கள். அங்கே மூடினால் குற்றம். இங்கே மூடாவிட்டால் குற்றம். எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. "உனக்கு இதுதான் அளவு" என்று சொல்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

சரி, இன்றைக்கு நாம் "பாரம்பரிய உடை" என்று சொல்கிற சேலை, ஜாக்கெட், உள்பாவாடை செட்டுக்கு வருவோம். இதன் பரவலுக்கு வங்காளத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வார்கள்: ஞானதானந்தினி தேவி. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. அவர் கணவர் சத்யேந்திரநாத் தாகூர்தான் ஐ.சி.எஸ். பாஸ் செய்த முதல் இந்தியர். வேலை பம்பாய் மாகாணத்தில். வீட்டுக்குள் மெல்லிய ஒற்றைச் சேலையோடு இருந்த வங்காளப் பெண்கள் வெளியுலகத்துக்கு வரும்போது என்ன உடுத்துவது என்ற கேள்வி 1860-களில் அவருக்கு வந்தது. பார்சிப் பெண்கள் சேலை கட்டுகிற முறையைப் பார்த்து, அதோடு ஜாக்கெட், உள்பாவாடை எல்லாம் சேர்த்து ஒரு முறையைக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜத்துப் பெண்கள் அதைப் பின்பற்றினார்கள்.

நம் ஊரில் இன்றைக்கும் ரவிக்கையை "ஜாக்கெட்" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். அந்தப் பெயரே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறதே!

ஆம்பளைங்க மட்டும் என்ன?

"பொம்பளைங்க டிரஸ்ஸைப் பத்தியே பேசுறீங்களே" என்று கேட்பீர்கள். பையன்களுக்கான இரண்டு வரியைப் பார்ப்போம். ஃபார்மல் பேன்ட், காலர் சட்டை, ஷூ. இதில் நம் பண்பாடு எந்த நூலில் இருக்கிறது?

கும்பகோணத்தில் குடுமியோடு படித்த கணித மேதை ராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் குடுமியை எடுக்க வேண்டி வந்தது. கோட்டு, பேன்ட், ஷூ எல்லாம் போட்டுப் பழக வேண்டி வந்தது. அங்கே போயும் ஷூ அவருக்குக் கடைசி வரைக்கும் ஒத்துவரவில்லை. அறையில் செருப்போடுதான் இருப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் மரியாதையாக இருந்த தோற்றம், கேம்பிரிட்ஜில் செல்லாக்காசு. அதே கேம்பிரிட்ஜ் தோற்றம்தான் பின்னால் கும்பகோணத்திலும் மரியாதை ஆனது.

இங்கிலாந்துக்காரன் மட்டும் ஆதியிலிருந்து அப்படித்தான் இருந்தானா என்றால், அதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் போடுகிற கருப்பு கவுனின் மூலம் பாதிரியார்களின் உடை. அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் எல்லாம் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். 1222-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபைக் கூட்டம், குருமார்கள் முன்பக்கம் மூடிய நீள அங்கி அணிய வேண்டும் என்று விதி போட்டது. அதன் வாரிசுதான் இன்றைக்கு நம் ஊர் பட்டமளிப்பு விழாவில் மே மாத வெயிலில் வேர்க்க வேர்க்கப் போட்டுக்கொள்கிற அந்தக் கருப்பு அங்கி. 2010-இல் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அதைக் கழற்றி, காலனி ஆதிக்கத்தின் எச்சம் என்று சொன்னது ஞாபகம் இருக்கலாம்.

நம் வேட்டி கதை இன்னும் வேடிக்கை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. பெரிய ரகளை ஆகி, அடுத்த மாதமே தமிழக சட்டமன்றத்தில் சட்டம் வந்தது: வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது, மீறினால் சிறைத் தண்டனைகூட உண்டு. நல்ல விஷயம். ஆனால் பொங்கல் விழா நாள் தவிர வேறு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, ஒரு பையன் வேட்டியோடு இன்ஜினியரிங் காலேஜ் கிளாசுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? "என்னப்பா, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றுதான் முதல் கேள்வி வரும். நம்ம வேட்டியே நம்ம கிளாசில் வித்தியாசமான உடை!

சுடிதார் எப்படி சாமி கும்பிடப் போனது?

திரும்பவும் அக்காவின் வெளிர் நீல சுடிதாருக்கு வருவோம். சரியாகச் சொல்லப்போனால் நாம் சுடிதார் என்று சொல்வது பெரும்பாலும் சல்வார் கமீஸ். சூடி என்றால் இந்தியில் வளையல். காலில் வளையல் அடுக்கிய மாதிரி சுருக்கம் விழுகிற இறுக்கமான பேன்ட்டுக்குத்தான் சூடிதார் என்று பெயர். நாம் மொத்த செட்டுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். பஞ்சாப் பக்கத்து உடை. வடக்கே இருந்து, சினிமா வழியாகவும், பம்பாய் சித்தப்பாக்கள் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது.

1980-களில் தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இது சந்தேகத்துக்குரிய உடை. "வடநாட்டு ஃபேஷன்", "உடம்பு தெரிகிறது", "தாவணி அழிகிறது" என்றெல்லாம் சொன்னார்கள். 1990-களில் சத்தம் இல்லாமல் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. காரணம் ரொம்ப எளிமை. பஸ் ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், மாராப்பு விலகுமோ என்று ஒரு கையை எப்போதும் அதிலேயே வைத்திருக்க வேண்டாம். பொண்ணுங்க படிக்கவும் வேலைக்கும் வெளியே வர ஆரம்பித்தபோது, அதற்குத் தோதான உடை தானாக ஜெயித்தது. யாரும் சர்க்குலர் போட்டு சுடிதாரைக் கொண்டுவரவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2007-இல் குருவாயூர் கோவிலில் பெண்கள் சுடிதாரோடு வரலாம் என்று அனுமதித்தார்கள். 2015 கடைசியில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோவில்களுக்கு உடைக் கட்டுப்பாடு என்று ஓர் உத்தரவு போட்டது. பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேலை, தாவணி, அவற்றோடு மேல்துணி போட்ட சுடிதார்! (அந்த உத்தரவுக்கு அந்த ஜனவரியிலேயே இடைக்காலத் தடை வந்தது, அது வேறு கதை.) 1986-இல் காலேஜ் வாசலில் "வேஷம்" என்று திருப்பி அனுப்பப்பட்ட உடை, முப்பது வருஷத்தில் கர்ப்பக்கிருகம் வரை போகத் தகுந்த உடை ஆகிவிட்டது. அக்கா சிரித்தது இதற்குத்தான்.

ஜீன்ஸ் செய்த பாவம்

இப்போது தாவணி இருந்த இடத்தில் சுடிதார். சுடிதார் இருந்த இடத்தில் ஜீன்ஸ்.

ஜீன்ஸ் பிறந்தது பணக்கார வீட்டில் இல்லை. 1873-இல் அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராஸ், ஜேக்கப் டேவிஸ் என்ற இருவர், பாக்கெட் கிழியாமல் இருக்க செம்பு ரிவெட் அடித்த வேலைக்காரர் பேன்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சுரங்கத்திலும் பண்ணையிலும் வேலை செய்தவர்களுக்கான உடுப்பு. இந்த வகை முரட்டுத் துணிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் டங்கரி. அந்தப் பெயர் வந்தது நம் பம்பாயின் டோங்கிரியிலிருந்து! ஆக மொத்தம் ஜீன்ஸுக்கும் இந்தியாவுக்கும் பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஹி ஹி.

அமெரிக்காக்காரனும் இதைச் சும்மா விடவில்லை. நியூயார்க்கில் பார்னர்டு என்று பெயர்பெற்ற பெண்கள் கல்லூரி. பக்கத்துத் தெருவிலேயே, அப்போது பையன்கள் படித்த கொலம்பியா. 1960-இல் பார்னர்டு பெண்கள் பெர்முடா ஷார்ட்ஸும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு நடமாடுவது சரியில்லை என்று கொலம்பியா தரப்பிலிருந்து முணுமுணுப்பு. பார்னர்டு நிர்வாகம் தடை என்றது. மாணவிகள் கையெழுத்து இயக்கம் நடத்திப் போராடினார்கள். கடைசியில் ஒரு சமரசம்: பேன்ட் போட்டுக்கொண்டு கொலம்பியா பக்கம் போவதென்றால் மேலே நீளமான கோட்டு போட்டு மறைத்துக்கொண்டு போக வேண்டும். நம் ஊர் துப்பட்டா விதிக்கு அசல் அக்கா தங்கச்சி இல்லையா இது? "மேல்நாட்டில் எல்லாம் அவிழ்த்துவிட்டுத் திரிகிறார்கள்" என்று நாம் நினைக்கிறோம். அங்கேயும் இந்தச் சண்டை எல்லாம் நடந்து முடிந்துதான் இன்றைக்கு இருக்கிற நிலை.

2005: ஊரெல்லாம் பேசிய ஆணை

தமிழ்நாட்டில் இந்த விஷயம் தலைப்புச் செய்தி ஆனது 2005-இல். அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் டி. விஸ்வநாதன் ஓர் உடைக் கட்டுப்பாட்டை அறிவித்தார். ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ், இறுக்கமான உடைகள் கூடாது. வளாகத்துக்குள் செல்போனும் கூடாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த இருநூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்கும் சேர்த்து. பெற்றோர்களில் பலர் கைதட்டினார்கள். மாணவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். பட்டிமன்றம் வைக்காத டி.வி. இல்லை. நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக ஊர் ஊராக வழக்குப் போட்டதும் அதே 2005-தான். (2010-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளை எல்லாம் ரத்து செய்தது.) "தமிழ்ப் பண்பாடு" என்ற வார்த்தை அந்த வருஷம் அதிகமாகவே உழைத்தது.

அப்போது சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று பாதுகாப்பு. பொண்ணுங்க அடக்கமாக உடுத்தினால் சீண்டல் குறையும் என்பது. இது கொஞ்சமும் சரியில்லாத வாதம் என்பது என் கட்சி. 1998-இல் சென்னையில் ஈவ் டீசிங் கொடுமையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரே போனது. அதைத் தொடர்ந்துதான் தமிழக அரசு அதே வருஷம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் தண்டிப்பது சீண்டுகிறவனை. பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று அது கேட்கவில்லை. சட்டத்துக்குத் தெரிந்தது சர்க்குலருக்குத் தெரியவில்லை. தாவணி காலத்திலும் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆட்கள் யோக்கியமாக இல்லை என்று எங்கள் அம்மாவைக் கேட்டாலே சொல்லும்.

அந்தப் பக்கத்து நியாயம்

ஒரு பக்கமே பேசினால் நன்றாக இருக்காது. உடைக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை நான் ஹாஸ்டலில் கண்ணால் பார்த்தேன்.

என் ரூம்மேட் ஒருவன். கரிசல் காட்டு கிராமம். இரண்டே பேன்ட், மூன்று சட்டை. இராத்திரி துவைத்துக் காயப்போட்டு, காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வருவான். வாரத்தில் வொர்க்‌ஷாப் நாள் என்றால் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் காக்கி. "இன்னைக்கு ஒரு நாள்தான்டா எவனும் என் சட்டையைப் பாக்க மாட்டான்" என்பான். காமராஜர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த நியாயமும் இதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும்போது வித்தியாசம் தெரியக் கூடாது.

வொர்க்‌ஷாப் விதியையும் நான் மதிக்கிறேன். லேத் ஓடும்போது தொங்குகிற எதுவும் ஆபத்து. ஷூ இல்லாமல் போனால் கால் போகும். கெமிஸ்ட்ரி லேபில் கோட்டு வேண்டும். இதற்கெல்லாம் காரணம் கேட்டால் பதில் இருக்கிறது. பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே விதி. ஆனால் "துப்பட்டாவுக்கு இரண்டு பின்" என்ற விதிக்குக் காரணம் கேட்டால் "பண்பாடு" என்ற பதில் மட்டும்தான் வருகிறது. துப்பட்டா, லேத் பக்கத்தில் போகவே கூடாத துணி என்பது தனி!

அப்புறம் என் ரூம்மேட்டைக் காப்பாற்றியது ஃபார்மல் பேன்ட் விதி இல்லை. அதற்கு இஸ்திரி வேண்டும், ஷூ வேண்டும், பெல்ட் வேண்டும். இன்றைய நிலையில் பார்த்தால் ஒரே ஜீன்ஸை இஸ்திரி போடாமல் நாலு நாள் ஓட்டலாம். அழுக்கும் தெரியாது. இல்லாதப்பட்டவனுக்கு எது தோது என்று விதி போட்டவர்கள் யாரும் அவனைக் கேட்டதில்லை.

யார் முடிவு செய்வது?

"அப்படியானால் ஆளாளுக்கு இஷ்டப்படி வரலாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பரீட்சைக்கு இன்றைக்கும் தனி உடை உண்டு. கருப்பு கவுன், வெள்ளைச் சட்டை. அதை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா என்று 2015-இல் மாணவர்களிடமே ஓட்டெடுப்பு நடந்தது. எடுத்துவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நாலில் மூணு பங்குக்கு மேல் "இருக்கட்டும்" என்று ஓட்டுப் போட்டார்கள். முன்னதாக 2012-இலேயே ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற பிரிவையும் விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் போட்டுக்கொள்கிறவர்களைக் கேட்டு இருக்கிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? 2022-இல் கர்நாடகாவில் ஹிஜாப் பிரச்சினை. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அரசின் ஆணை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆணையை ரத்து செய்ய வேண்டும் என்ற நீதிபதி சுதான்சு துலியா, தன் மனதில் முதலில் நின்றது அந்தப் பெண்களின் படிப்புதான் என்றார். 2024-இல் மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி, ஹிஜாபும் கூடாது என்றது, ஜீன்ஸ் டி-ஷர்ட்டும் கூடாது என்றது. ஹிஜாப் தடைக்கு அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஒருத்தி ரொம்ப மூடினாள் என்று நிறுத்தப்படுகிறாள். இன்னொருத்தி மூடவில்லை என்று நிறுத்தப்படுகிறாள். இந்த விவகாரத்தில் உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். வாசலில் நின்ற பெண் அன்றைக்குப் பாடத்தைத் தவறவிட்டாள் என்பதில் இரண்டு கட்சி இருக்க முடியாது.

அக்கா கதையின் மிச்சம்

அக்கா பி.எஸ்ஸி. முடித்து, எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர் ஆனாள். ஊரெல்லாம் டிரஸ் கோடு பேச்சாக இருந்த அந்த 2005 வாக்கில் அவள் கல்லூரியிலும் அதே காற்று. வாசலில் நின்று செக் பண்ண லெக்சரர்களுக்கு முறை போட்டார்கள். அக்காவுக்கும் முறை வந்தது. சேலை கட்டிக்கொண்டு, கையில் நோட்டோடு வாசலில் நின்றாள்.

ஒரு பொண்ணு ஜீன்ஸும் முட்டி வரைக்கும் குர்தாவும் போட்டு வந்தாள். "மேம், இன்னைக்கு இன்டர்னல் டெஸ்ட் மேம், ப்ளீஸ் மேம்." அக்கா விடவில்லை. விதி விதிதான். அந்தப் பொண்ணு வீடு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் டெஸ்ட் முடிந்துவிட்டது.

"அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலடா" என்றாள் அக்கா. "என்னை நிறுத்தின அந்த மேடம் மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதே மாதிரி என் மூஞ்சியும் அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்ல?"

மறுநாள் துறைத் தலைவரிடம் சண்டை பிடித்து, அந்தப் பொண்ணுக்குத் தனியாக டெஸ்ட் வைக்கச் சொல்லி, தானே மேற்பார்வைக்கு உட்கார்ந்தாளாம். அதற்கப்புறம் வாசல் டியூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷமாக இதை என்னிடம் சொன்னதே இல்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்.

என் பொண்ணு நாலு துப்பட்டாவும் ஒரு டப்பா சேஃப்டி பின்னும் வாங்கி வைத்திருக்கிறாள். படிக்க வேண்டும், மார்க் வேண்டும், அதற்காகச் சண்டை போடவில்லை. அக்காவிடம் மட்டும் கேட்டாள், "அத்தை, நீங்க படிக்கும்போது இதே டிரஸ்ஸத்தானே வேண்டாம்னாங்க? அப்போ என் பொண்ணு காலேஜ் போகும்போது, ஜீன்ஸ் போட்டுட்டு வா, வேற எதையும் போடாதன்னு சொல்வாங்களா?"

அக்கா சொன்னாள், "சொல்வாங்கடி. அப்பவும் 'நம்ம பண்பாடு'ன்னுதான் சொல்வாங்க. நீ வாசல்ல நிக்காம இருந்தா போதும்."

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாவணிக் கதையோ சுடிதார் கதையோ கண்டிப்பாக இருக்கும். அம்மாவையும் அத்தையையும் கேட்டுப் பாருங்கள்.